இரண்டு மணிச் சங்கு

“பொண்ணுதான் ஹாஸ்டலுக்குப் போயிடுச்சே. இனி உங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஷிப்டு போட்டுடலாமா?” என்றார் மேலாளர்.

அவள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பேசி முடித்ததும் அதைத்தான்.

கண்ணாடி பாட்டில் கம்பெனியில் உலை அணைவதே இல்லை. எல்லோருக்கும் வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறும். இவர்களுக்கு மட்டும் மாறாது. மகள் பிறந்த வருஷம் பழைய மேலாளரிடம் மன்றாடி வாங்கிய சலுகை அது. உலையடியில் நிற்கும் கணவனுக்குக் காலை. விரிசல் பார்க்கும் மேசையில் அவளுக்கு மதியம்.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதும். அவன் வெளியே வருவான், அவள் உள்ளே போவாள். நடுவில், கேட்டில் வைத்துப் பிள்ளை கைமாறும்.

“மூக்கு ஒழுகுது. தலைக்கு ஊத்தாதீங்க.”

அவன் இரண்டு கையையும் பேண்ட்டில் அழுந்தத் துடைத்துவிட்டுத்தான் பிள்ளையை வாங்குவான்.

“ஷிப்ட மாத்துறீங்களா, பிள்ளைய மாத்துறீங்களா?” என்பார் வாட்ச்மேன்.

அந்த ஒரு நிமிஷத்தில் பார்த்துக்கொண்டதுபோல் கல்யாணமான புதிதில்கூட அவர்கள் பார்த்துக்கொண்டதில்லை.

பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போனது. அப்புறம் கேட்டில் கைமாறியது வீட்டுச் சாவி. இன்னொரு சாவி போட எத்தனை நேரமாகும்? இருவரும் போடவில்லை.

மகள் கிளம்பிப் போனபின் ஞாயிற்றுக்கிழமை வந்தாலே வம்பு. எதிரெதிரே உட்கார்ந்தால் பேச்சு தீர்ந்து, மத்தியானத்துக்குள் சண்டையில் வந்து நிற்கிறது. போன ஞாயிறு சண்டை ஓய்ந்ததும், “இனிமே சேர்ந்தே போயிட்டு சேர்ந்தே வரலாம். ஆபீசுல கேட்டுடுவோம்” என்றான். சரி என்றாள். வேறென்ன சொல்ல?

“வேணாம் சார். பழையபடியே இருக்கட்டும்” என்றாள் இப்போது.

மேலாளர் சிரித்துவிட்டார். “காலையில உங்க வீட்டுக்காரரும் வந்து இதையேதான் சொன்னாரு. உங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னுதான் கூப்பிட்டேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. படியிறங்குவதற்குள் சிரிப்பு வந்தது.

சங்கு ஊதியது. கேட்டில் அவன் நின்றிருந்தான்.

“கேட்டியா? என்ன சொன்னாரு?”

“முடியாதுன்னுட்டாரு” என்று சாவியை நீட்டினாள்.

“எனக்கும் அதேதான். ஈவு இரக்கமில்லாத மனுஷன்!” என்று மேலாளரைத் திட்டினான்.

பிறகு இரண்டு கையையும் பேண்ட்டில் அழுந்தத் துடைத்துவிட்டு, சாவியை வாங்கினான்.