தெப்பத்தில் போன ஃபியூஸ்

“அந்த ஃபியூஸைப் புடுங்கிட்டு, தடிமனா ஒரு கம்பியச் சுத்தி வுடும்மா. அம்மன் ஏர்ற நேரமாயிடுச்சு” என்றார் ஜீவானந்தம்.

ஆரணியில் பெரிய பட்டுக்கடை அவருடையது. தெப்பத் திருவிழாக் கமிட்டித் தலைவரும் அவர்தான்.

கலையரசி அசையவில்லை. தெப்பத்துக்கு பேட்டரி லைட் போடும் வேலை இந்த வருஷம்தான் அவளுக்குக் கிடைத்திருந்தது. மதியம் ஜோராக எரிந்த விளக்குகள் இப்போது எரிய மறுத்தன. மூன்றாவது ஃபியூஸும் போய்விட்டது. படிக்கட்டு நிறைய ஜனம். அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

“பன்னெண்டு வோல்ட்டு ஷாக் அடிக்காதுதாங்க மொதலாளி. ஆனா ஒயரு சூடாயி தீப்புடிச்சிக்கும். நடுக்கொளத்துல அம்மனத் தூக்கினு எங்க ஓடுவீங்க?”

படிக்கட்டில் யாரோ சிரித்தார்கள். ஜீவானந்தம் முறைத்தார்.

கலையரசி பேட்டரிப் பெட்டியைத் தேடினாள். அதன்மேல் ஒரு அரக்குப் பட்டுப்புடவை போர்த்தியிருந்தது. தூக்கிப் பார்த்தால் பெட்டிக்கு மூடியே இல்லை.

கறுப்பு மூடி அம்மனுக்கு எதிரில் அசிங்கமாக இருந்ததாம். கழற்றிவிட்டுப் பட்டைப் போர்த்தச் சொன்னவர் ஜீவானந்தமேதான். ஆரணிக்காரர்களுக்கு எதை மறைக்கவும் பட்டுதான் கைக்கு வரும்.

ஃபியூஸைத் தாண்டி விளக்குகளுக்குக் கரண்ட் பிரியும் இரண்டு முனைகளும் திறந்து கிடந்தன. புடவையின் அகலச் சரிகை அந்த இரண்டின் மேலும் படுத்திருந்தது. ஃபியூஸ் போனதால் புடவை தப்பியது.

அந்தப் புடவை ரேணுகாம்பாளுடையது. செய்யாரில் கம்பெனி வேலைக்குப் போகிறவள். மகள் பிழைத்து எழுந்ததற்காக, தெப்பத்தன்று அம்மனுக்குச் சாத்த வேண்டிக்கொண்டு நெய்யக் கொடுத்து வாங்கியது. ஜீவானந்தம் இரண்டு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பெட்டி மூடத்தான் ஆகும் என்று தள்ளிவிட்டார். அம்மனுக்கு அவர் கடைப் புடவைதான். ‘அசல் வெள்ளிச் சரிகை’ என்று காலையிலிருந்து மைக்கில் அலறிக்கொண்டிருந்தது.

“சரிகை ஒரசித்தாங்க ஃபியூஸ் போச்சு” என்று ஆரம்பித்தாள் கலையரசி.

அவர் முடிக்க விடவில்லை.

“கேட்டுக்குங்க ஜனங்களே. டூப்ளிகேட் சரிகை போட்டா இப்டித்தான் பேஜார் பண்ணும்.” அரக்குப் புடவையைச் சுருட்டி, படியோரம் நின்ற ரேணுகாம்பாள் கையில் திணித்தார். அவள் தலை குனிந்தது. “அசல் இன்னா பண்ணுதுன்னு இப்பப் பாருங்க.”

தாம்பாளத்திலிருந்த தன் புடவையை எடுத்து உதறி, அதே பெட்டிமேல் சரிகை படியப் போர்த்தினார். கலையரசி புது ஃபியூஸைச் செருகிவிட்டுத் தடுக்கக் கை நீட்டுவதற்குள், “ஜல்தி போடுடா சதீஷ்” என்றார். அவர் கடைப்பையன் சதீஷ் சுவிட்சைப் போட்டுவிட்டான்.

அத்தனை விளக்கும் குப்பென்று எரிந்தன. ஒரே விசில், கைதட்டல். ஜீவானந்தம் மீசையைத் தடவிக்கொண்டார்.

கலையரசிக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சுவிட்சை அணைத்தாள். புடவையை எடுத்துவிட்டு, மூடியைத் தேடிப் பெட்டியை மூடி நாலு ஸ்க்ரூவையும் முடுக்கினாள்.

“மொதலாளி, வெள்ளியில கரண்ட் ஓடும். அந்தக்கா புடவையில ஓடிச்சு, ஃபியூஸ் போச்சு. உங்க சரிகையில ஓடவே இல்லீங்க.”

அவர் கடையில் புடவை எடுத்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் முந்தானையைத் தூக்கிப் பார்த்தார்கள். “ஏம்மா, அந்த பேட்டரிய கொஞ்சம் இங்க எடுத்தாயேன்” என்றது ஒரு குரல். குளமே குலுங்கிச் சிரித்தது.

அர்ச்சகர் ரேணுகாம்பாளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டினார்.

தன் புடவையைச் சத்தமில்லாமல் மடிக்கப் போன ஜீவானந்தத்தைக் கலையரசி தடுத்தாள்.

“அது பெட்டிமேலயே இருக்கட்டுங்க மொதலாளி. அதால ஒரு ஆபத்தும் வராது.”