பச்சை வரிகள்

இலக்கிய ஆய்வு மாணவன் குமரவேல் மடிக்கணினியைத் தேவசேனாவின் பக்கம் திருப்பி வைத்தான். அவளும் அவளுடைய அக்கா மங்களேஸ்வரியும் ஒரே புனைபெயரில் சேர்ந்து எழுதிய தொடர்கதைகளை, அவர்கள் தனித்தனியே எழுதிய கடிதங்களின் நடையோடு ஒப்பிட்டு, அக்காவின் வரிகளுக்குப் பச்சை, தங்கையின் வரிகளுக்குச் சிவப்பு என்று நிறம் பிரித்திருந்தான். அக்கா இறந்த பிறகும் அதே பெயரில் தேவசேனா தனியாக எழுதி வந்தாள். வாசகர்களை ஏமாற்றுகிறோமோ என்ற எண்ணம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. புதிய அத்தியாயங்கள் முழுக்கச் சிவப்பாக இருந்தால் தொடரை நிறுத்திவிடுவது என்று முடிவும் செய்திருந்தாள்.

"போன வாரத்து அத்தியாயத்தைக் காட்டுங்க தம்பி."

அவன் தயங்கினான். "அங்கதான் மேடம் சிக்கல். எங்கேயோ தப்பு பண்ணிட்டேன். முதல்லேருந்து மறுபடி பாக்கணும்."

திரையில் சிவப்பு வரிகளுக்கு நடுவே பச்சை வரிகளும் இருந்தன. மாமியார் சண்டை போடும் இடத்தில் பக்கம் முழுவதுமே பச்சை. தேவசேனா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். பச்சை அப்படியேதான் இருந்தது.

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல. நான் எழுதிட்டிருக்கும்போது நடுவுல பூந்துடுறது அவளுக்கு வழக்கம்தான்."

நாற்காலியை இழுத்துப்போட்டு, வெகுநாள் கழித்துச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பச்சையை மட்டும் படிங்க. கதாநாயகியை யாருக்குக் கட்டிவைக்கிறதுன்னு எனக்கு இன்னும் முடிவாகல. அவ என்ன சொல்றான்னு கேப்போம்."