காளையின் கால்

"கால்ல எறும்பு ஊர்றாப்ல இருக்குதுங்க."

"உதறி வுடு, போயிரும்."

"ஆறு தடவ உதறிட்டனுங்க."

"ஏழாவது தடவயும் உதறு."

நேற்றுக் காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே நஞ்சப்பன் தன் மனைவிக்குச் சொன்ன வைத்தியம் அவ்வளவுதான்.

இன்று சாயங்காலம், வண்டியிலிருந்து அவிழ்த்த காளை முன்காலை ஊன்றாமல் நிற்கிறது. நஞ்சப்பன் அதன் பக்கத்தில் குந்தி, சுடவைத்த வேப்பெண்ணெயைத் தொட்டு முட்டியிலிருந்து குளம்புவரை நீவி விடுகிறான். "வலிக்குதாடா ராசா? இந்தா, ஆயிருச்சு." சாய்ந்த வெயிலில் எண்ணெய்க் கால் மினுங்குகிறது. எதிரே வாசற்படியில் எட்டு மாத வயிற்றோடு தீர்த்தம்மாள் விதைக்கு நிலக்கடலை உரிக்கிறாள். விரல் நுனிகளில் ஊசி குத்துகிறது. பருப்பு முறத்தில் விழுந்ததா, தரையில் விழுந்ததா என்பதுகூட விரலுக்குத் தெரியவில்லை. நீட்டிய கால்கள் மரத்து, அடுத்தவர் கால்களைப்போலக் கிடக்கின்றன. கட்டைவிரலை அசைத்துப் பார்க்கிறாள். அசைகிறது, அசைந்தது தெரியவில்லை. உள்ளே மாமியார் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்கிறது. புருஷனைக் காலைத் தொடச் சொன்னால் இந்த வீட்டில் என்ன பேச்சு வரும் என்று பயந்தே மூன்று மாதமாக அதை மட்டும் கேட்காமல் இருக்கிறாள். காளை சுகமாகக் கண்ணை மூடுகிறது. இன்னொரு கடலை அவள் விரலிலிருந்து நழுவிப் படியில் உருண்டு ஓடுகிறது. தீர்த்தம்மாள் முறத்தை எட்டித் தள்ளுகிறாள்.

"மாட்டுக்குப் போதுங்க," என்கிறாள், உள்ளே கேட்கும்படியாகவே. "அந்தக் கையோடவே வந்து என் காலையும் கொஞ்சம் நீவி வுடுங்க."