அட்டையைப் பார்

"அடையாள அட்டையைப் பார்க்காம பார்சலைக் கொடுக்காதே!"

கதவைத் திறந்து, பேருக்கு ஆமாம் சொன்ன கையோடு அந்த அம்மாள் போட்ட சத்தத்தில், மருந்து கொண்டு வந்தவன் ஒரு அடி பின்வாங்கினான். லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூச்சிரைக்க மாடியேறி வந்தவனுக்குச் சுர்ரென்று கோபம் தலைக்கேறியது.

"மத்த வீட்டுல எல்லாம் அட்டை எதுக்குன்னு என்னோட மல்லுக்கு நிப்பாங்க. நீங்க என்னடான்னா... பேரு சரியான்னு கேட்டேன், ஆமான்னீங்க. போதாதா? பிடிங்கம்மா."

"போதாது. உங்க கடையில என்ன சொல்லி அனுப்பறாங்க? அட்டையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, பார்சல்ல இருக்கற பேரோட ஒத்துப் பார்க்கணுமா, வேண்டாமா?"

'அட்டை பார்க்கப்பட்டது' என்ற கட்டத்தைப் படியேறும்போதே அவன் கைப்பேசியில் அமுக்கியிருந்தான். எந்த வீடானாலும் அவனுக்கு அதுதான் வழக்கம்.

"பை நிறையப் பார்சல் கிடக்கு. வாசலுக்கு வாசல் நின்னு விசாரணை பண்ணிக்கிட்டிருந்தா என் பொழைப்பு சிரிப்பாச் சிரிச்சிடும்!"

"பாருடான்னா பாரு!"

மூக்கை இடிக்கிறாற்போல் நீட்டிய அட்டையை வேண்டாவெறுப்பாக வாங்கிப் பார்த்தான். வழுக்கைத் தலையும் தடித்த மூக்குக்கண்ணாடியுமாக ஒரு பெரியவர். அவனுக்குப் பிடி கிடைத்துவிட்டது.

"இது ஆம்பளை அட்டை. சட்டம் பேசறீங்க இல்ல? அப்ப இவரே வரட்டும். இவர் கையிலதான் கொடுப்பேன். கூப்பிடுங்க!"

அந்த அம்மாளின் குரல் சட்டென்று இறங்கியது.

"போன மாசம் அவர்தான் வந்தார். காது சுத்தமாக் கேக்காது. எதிர்வீட்டுப் பார்சலை நீட்டி, பேரு சரியான்னு நீ ஏதோ கேட்டிருக்கே. இவரும் தலையாட்டி வாங்கியிருக்கார். சர்க்கரை வியாதியே இல்லாத மனுஷன், அந்தச் சர்க்கரை மாத்திரையைத் தன்னோடதுன்னு முழுங்கிட்டுப் படுத்தார். எழுந்திருக்கவே இல்லை."

அவன் பார்சலைத் திருப்பி, அதிலிருந்த பேரை அட்டையோடு ஒத்துப் பார்த்தான்.

"அம்மா... அப்ப இந்த மாத்திரை?"

"அவரோட மாசாமாச மாத்திரைதான். இனிமே அனுப்பாதீங்கன்னு கடைக்கு ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகும்? நீ வரணும்னுதான் சொல்லாம விட்டேன்."