ஆறு பேர் போன வள்ளம்

"நானும் வாரேன், கனி பாய். எனக்கும் ஒரு எடம் போடுங்க."

முகம்மது கனியின் கையிலிருந்த பாய்க்கயிறு நழுவியது. சாவடியிலிருந்து மணலில் இறங்கி வந்துகொண்டிருந்தார் சுங்க ஹவில்தார் செபமாலை.

"நீங்களாய்யா? வெயிலு கடுமையா இருக்கே. இவங்க சும்மா கடல் பாக்க வந்தவங்க..."

"நானும் கடல் பாக்கத்தான் வாரேன். பன்னெண்டு வருசமாக் கரையில உக்காந்தே பாத்தாச்சு. ஒங்க கண்ணாடிய மாட்டிக்கிட்டு உள்ள பாத்தா மீனெல்லாம் தெரியுதாமே?"

கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே இருந்த அந்தச் சின்னத் துறையில் கனியின் கண்ணாடி பிரசித்தம். மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. முகத்தை மூடும் ரப்பர்க் கண்ணாடி, மூச்சு விட வாயில் கவ்விக்கொள்ள ஒரு குழாய். கீரனூர், இலுப்பூர்ப் பக்கத்து ஆட்கள் குடும்பமாக வந்தால் வள்ளத்தில் மூன்று மைல் கூட்டிப் போவார். ஆழமில்லாத இடமாகப் பார்த்து நங்கூரம் போட்டு, கயிற்றைப் பிடித்தபடி கடலடியைப் பார்க்க விட்டு, சாயங்காலம் கரை சேர்ப்பார்.

இன்றைக்கும் திருமயம் பக்கத்திலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். ஆனால் அவர்கள் மீன் பார்க்க வந்தவர்கள் இல்லை.

அவர்களில் பெரியகருப்பன் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவன். நான்கு வருடத்துக்கு முன், ஐம்பத்தைந்தில், ஒன்றரை வயது மகளைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் சாவுக்கு வந்தான். திரும்பிப் போக அனுமதி கிடைக்கவில்லை. அங்கேயே நின்றுவிட்ட மனைவி பஞ்சவர்ணத்துக்கு அந்த நாட்டுக் காகிதமும் இல்லை, இந்த நாட்டுக் காகிதமும் இல்லை. மனுப் போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. இன்று அக்கரை வள்ளம் ஒன்று அவளை நடுக்கடலுக்குக் கொண்டுவருகிறது.

செபமாலையோ, போன வருடம் இப்படி வந்த வள்ளம் ஒன்றை, உள்ளே கைப்பிள்ளைக்காரி இருந்தும், வந்த வழியே திருப்பி அனுப்பியவர்.

"எத்தன பேரு?" என்றார் ஏறி உட்கார்ந்து.

"என்னையத் தவிர ஆறு பேருங்கய்யா."

"ஆள்கணக்கு நோட்டு சாவடியில கெடக்கு. வந்து எழுதிக்கலாம், எடுங்க."

நங்கூரம் போட்டபோதே கிழக்கே ஒரு பாய்மரம் தெரிந்துவிட்டது. பெரியகருப்பன் கனியைப் பார்த்தான். கனி கண்ணாடியைப் பார்த்தார். வேறு வழி தோன்றவில்லை.

"ஐயா, மொதல்ல நீங்க எறங்குங்க."

"வந்தவங்க பாக்கட்டுமே, பாய்."

"அவங்களுக்குப் பயம். நீங்க பாத்துட்டுச் சொன்னாத்தான் எறங்குவாங்க."

செபமாலை காக்கிச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். கனி கண்ணாடியை இறுக்கி மாட்டிவிட்டார். "தலையத் தூக்குனாக் குழாயில தண்ணி ஏறிரும். நான் கயித்த ஆட்டுற வரைக்கும் தூக்காதீங்க."

ஹவில்தார் மேற்குப் பக்கமாக இறங்கிக் குப்புற மிதந்தார். கனி கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தார். கிழக்குப் பக்கம் அக்கரை வள்ளம் வந்து அணைந்தது. பெரியகருப்பன் கையை நீட்டினான். அதைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி தாண்டினாள். அவள் இடுக்கியிருந்த துணி மூட்டை நழுவித் தண்ணீரில் 'தொபுக்' என்று விழுந்தது.

கனி சட்டென்று மேற்கே திரும்பிப் பார்த்தார். ஹவில்தாரின் தலை அசையவில்லை.

வந்த வள்ளம் தூரத்தில் புள்ளியான பிறகுதான் கனி கயிற்றை ஆட்டினார். செபமாலை விளிம்பைப் பிடித்து ஏறும் நேரம் பார்த்து, அதுவரை திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்த பெரியகருப்பனின் மகள் செல்லாயி, கூட வந்திருந்த அத்தையிடம் வாயைத் திறந்தாள்.

"அத்தே, இவங்க எந்த ஊரு?"

பஞ்சவர்ணம் மகளைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, நனைந்த முந்தானையைப் பிழிந்தாள்.

"மஞ்சக் கோடு போட்ட மீனு, பாய்" என்று செபமாலை தலையைத் துவட்டியபடி ஆரம்பித்தார். "கூட்டங்கூட்டமாப் போகுது. அடியில பாசி ஆடுறது நெல்லு வயல் மாதிரியே இருக்கு. கருநீலத்துல ஒண்ணு, இம்புட்டு நீளம்." நிறுத்தவே இல்லை.

திரும்பும் வழியில் ரோந்துப் படகு ஒன்று நேராக அவர்களை நோக்கி வந்தது. பெரியகருப்பன் மனைவிக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். செபமாலை காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்து நின்று கையை உயர்த்தினார். உடுப்பைப் பார்த்ததும் ரோந்துப் படகு வளைந்து திரும்பிப் போனது. இந்த மனிதன் வந்ததும் நல்லதாகப் போயிற்று என்று கனி நினைத்துக்கொண்டார்.

கரையில் எல்லோரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். செல்லாயி தூங்கிவிட்டிருந்தாள். பஞ்சவர்ணம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். குழந்தையின் முதுகிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

சாவடியில் செபமாலை நோட்டைப் பிரித்தார். போகிறவர்களைப் பேனாவால் சுட்டிச் சுட்டி எண்ணினார். போனது ஏழு, வந்தது ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கனி நோட்டை எட்டிப் பார்த்தார். காலையில் சொன்ன ஆறு பேர் கணக்கை மனுஷன் மறந்துவிட்டார்.

"அப்ப நான் வாரேங்கய்யா. இன்னொரு நாளைக்கி வாங்க, இன்னும் நெறைய மீனு பாக்கலாம்."

"அந்தக் கண்ணாடிய நல்லாத் தொடைச்சு வைங்க, பாய்." செபமாலை நோட்டை மூடினார். "உள்ள பூரா ஆவி புடிச்சுக்கிருச்சு, ஒரு மீனும் எங் கண்ணுல படல. அந்தப் பொண்ணு ஏறி உக்கார்ற வரைக்கும் சும்மாத்தான் கெடந்தேன்."