கைப்பிடியில் ஒரு கோடு

"இது என்னம்மா கோடு?"

பல் டாக்டர் வின்ஸ்லோ புதுக் கைத்துப்பாக்கியின் பிளாஸ்டிக் பிடியில் டார்ச் அடித்துக் காட்டினார். அரை மணி நேரமாக இதே வேலை. ஏற்கெனவே இரண்டைத் தள்ளிவிட்டார். ஒன்றில் புகை படிந்ததுபோல ஒரு சுழி. இன்னொன்றின் ஓரத்தில் பிசிறு.

கவுண்டருக்குப் பின்னால் நின்ற நடீன் சிரித்தாள்.

"அச்சுல ரெண்டு பாதியும் சேர்ற இடம், டாக்டர். எல்லாத்துலயும் இருக்கும். சுடுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"இவ்வளவு விலை வாங்குறீங்க. வழவழன்னு இருக்க வேண்டாமா?"

"நீங்க கட்டிவிட்ட பல்லு மட்டும் வழவழன்னு இருக்கா? என் கடவாப் பல்லைக் காட்டட்டுமா?"

"ஐயோ, வேண்டாம் தாயே!"

டாக்டர் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்.

கடை முதலாளி லூசியனுக்கு மனம் குளிர்ந்தது. நெடுஞ்சாலையில் பெரிய கடை திறந்த பிறகு ஒவ்வொரு விற்பனையும் பெரும்பாடாக இருந்தது. நடீனைச் சேர்த்தது நல்லதாயிற்று என்று நினைத்தபடி, சரக்குப் பெட்டிகளை எடுக்க நிலவறைக்கு இறங்கினார்.

அப்போதுதான் எவரெட் உள்ளே வந்தார்.

ஆற்றங்கரை ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் இந்தத் துப்பாக்கிகளுக்குத்தான் பிளாஸ்டிக் உடல் வார்த்தவர். போன மாதம் முதலாளிகள் ஆலையைப் பெயர்த்துத் தெற்கே கொண்டுபோய்விட்டார்கள். அங்கே கூலி குறைவு, சங்கம் கிடையாது. இங்கே நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வேலை இழந்தவர்களுக்குப் பிரிவு உபசாரமாக ஆளுக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தார்கள்.

லூசியன் பெட்டிகளோடு படியேறி வந்தபோது நடீனின் குரல் கேட்டது.

"இதை விக்க முடியாது, எவரெட். பிடியில குழி விழுந்திருக்கு."

"இருந்தா இருக்கட்டும். குடு."

"கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்."

"வேற எடு."

"மிச்சம் இருக்கிற எல்லாத்துலயும் கோடு இருக்கு."

"கோடு இருக்கான்னு நான் கேட்டேனா? இந்தா பணம்."

"ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. நல்லதாப் பார்த்து எடுத்து வைக்கிறேன்."

எவரெட் நோட்டுகளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

"எவரெட்டு! நில்லுய்யா!" என்று லூசியன் கத்தினார். எவரெட் திரும்பவில்லை. வாசலில் நின்ற தன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பவில்லை.

லூசியனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. பெட்டிகளைத் தொப்பென்று கீழே போட்டார்.

"உனக்கு என்ன பைத்தியமா? வாசல் வரைக்கும் வந்த வியாபாரத்தை விரட்டுறியே!"

"மெதுவாப் பேசுங்க, லூசியன்."

"ஏன் மெதுவாப் பேசணும்? பல் டாக்டர் கோட்டைக் காட்டினா 'சம்பந்தமே இல்ல'. வேலை போனவன் கோடே பரவாயில்லைன்னு சொன்னாலும் 'விக்க முடியாது'. அப்படித்தானே?"

"அப்படி இல்ல..."

"வேற எப்படி? சட்டையைப் பார்த்துத்தானே முடிவு பண்ணின? இந்த உடம்பை வார்த்ததே அவன் கை! அவன்கிட்டயே வார்ப்புல குறைன்னு கதை விடுறியா?"

நடீன் கண்ணாடி வழியாக வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது லூசியனை இன்னும் கொதிக்க வைத்தது.

கடை வைப்பதற்கு முன் அவரும் அந்த ஆலையில்தான் இருந்தார். சங்கச் செயலாளர். வேலைநிறுத்தத்தில் கத்திக் கத்திக் கரகரத்த தொண்டை இன்னும் தெளியவில்லை. ஏழைக்கு ஒரு நியாயம், பணக்காரனுக்கு ஒரு நியாயம் என்பதை எதிர்த்தே தலை நரைத்தவர். அது இப்போது அவருடைய கடைக்குள்ளேயே நடக்கிறது!

"ஆலைக்காரனுங்கதான் அவனை வெளிய தள்ளினானுங்க. நீயுமா? நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

"சரி, வரல."

"திமிரைப் பாரு!"

குழி விழுந்த துப்பாக்கியைக் கவுண்டரிலிருந்து வெடுக்கென்று எடுத்தார்.

"பாதி விலைக்கு நானே குடுத்துட்டு வரேன். ஒரு தொழிலாளி கஷ்டம் இன்னொரு தொழிலாளிக்குத்தான் தெரியும்."

வாசலை நோக்கி நடந்தார். நடீன் ஓடிவந்து கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றாள்.

"நகரு."

"மாட்டேன்."

"நடீன், இது என் கடை."

"இருக்கட்டும். நீங்க கீழ இருந்தப்பவே அவர் தங்கச்சிக்குப் போன் பண்ணிட்டேன். ரெண்டு தெரு தள்ளி மருந்துக் கடையிலதான் வேலை. இப்ப வந்துடுவா. அதுவரைக்கும் நீங்க வெளிய போகக் கூடாது."

"தங்கச்சியா? அவ எதுக்கு?"

நடீன் கதவை இன்னும் அழுத்திச் சாய்ந்துகொண்டாள்.

"அவர் கேட்ட விதமே சரியா இல்ல. அதான் திருப்பி அனுப்ப ஒதுக்கி வெச்சதுலயே ரொம்ப மோசமானதா எடுத்து அவர் கையில குடுத்துப் பார்த்தேன். கட்டைவிரல் புதையுற அளவு குழி. நம்ம ஊர்ல யாரு இதைப் பார்க்காம விடுவாங்க? அதுவும் வார்த்த மனுஷன்! அவர் குனிஞ்சுகூடப் பார்க்கல."

"ஏதோ யோசனையில இருந்திருப்பான். அதுக்காக..."

வெளியே ஒரு கார் வேகமாக வந்து நின்றது. வெள்ளை மேலங்கியோடு ஒரு பெண் இறங்கி எவரெட்டின் வண்டியை நோக்கி ஓடினாள். அதைப் பார்த்த பிறகுதான் நடீன் விரித்த கைகளை இறக்கினாள்.

"தோட்டா வேணுமான்னு கேட்டு ஒரு பெட்டியை நீட்டினேன், லூசியன். பிரிச்சு ஒண்ணே ஒண்ணு மட்டும் தர முடியுமான்னு கேட்டார்."