உள்ளூர் ஆள் வேண்டாம்

"எல்லாத்துக்கும் சம்மதம் மேடம். உள்ளூர் ஆளுங்கிற அந்த ஒரு நிபந்தனையை மட்டும் எடுத்துருங்க" என்றார் ஒப்பந்தக்காரர் பாண்டித்துரை.

பொறியாளர் கனகலட்சுமி ஃபைலிலிருந்து நிமிர்ந்தாள்.

காரங்காட்டுக்குத் தெற்கே ஒரு சின்னக் கடற்கரை ஊரைப் புயல் புரட்டிப் போட்டிருந்தது. ராத்திரி உள்ளே ஏறிய கடல் வீடு, படகு, வலை, பனைமரம் என்று எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய் அலையாத்திக் காட்டு ஓரத்தில் மலையாகக் குவித்துவிட்டது. அதை அப்புறப்படுத்தத்தான் டெண்டர்.

வந்தவர்களில் ஒருவர் ரோடு போட்டவர். இன்னொருவர் பள்ளிக்கூடம் கட்டியவர். இடிபாடு அள்ளிப் பழக்கம் உள்ளவர் திருப்புல்லாணிப் பாண்டித்துரை ஒருத்தர்தான். சொந்த பொக்லைன், கிரேன், ஆட்களுக்குக் கையுறை, பூட்ஸ், இன்சூரன்ஸ் என்று கேட்ட தகுதியெல்லாம் கச்சிதமாக இருந்தது. வேலையாட்களில் பாதிப் பேர் அந்த ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும் என்ற இடத்தில் மட்டும் முரண்டு பிடித்தார்.

"தொழில் போயி உட்கார்ந்திருக்கிற ஜனங்க. அவங்களுக்கு வேலை கிடைக்கணும்னுதானே அந்த நிபந்தனையே போட்டிருக்கோம்?"

"வேலை கொடுக்க மாட்டேன்னு சொல்லலை மேடம். ரோட்டைச் சுத்தம் பண்ண, பள்ளிக்கூடத்துச் சகதியை அள்ள, எத்தனை பேரு வந்தாலும் வரட்டும். அந்தக் குமியல் பக்கம் மட்டும் வேணாம்."

"ஏன்?"

"சரிப்பட்டு வராது மேடம்."

அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த மீனவர் சங்கத் தலைவர் சூசைமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. புயலன்று படகைக் கட்டப் போன மூன்று பேர் இன்னும் ஊர் திரும்பவில்லை. அதில் ஒருவன் அவருடைய தம்பி ஜோஸ்வின். படகோடு அக்கரையில் ஒதுங்கியிருப்பான், இன்றோ நாளையோ இலங்கையிலிருந்து போன் வரும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க எஞ்சினு, எங்க வலை எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு. அதைத் தொட எங்களுக்கு உரிமை இல்லையா? எங்களைப் பார்த்தா இவருக்குத் திருடனுக மாதிரி தெரியுதோ?" என்று கேட்டார்.

பாண்டித்துரை மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாண்டித்துரை வயல்காடு வைத்திருக்கிற குடும்பம், அவருக்குக் கடற்கரை ஜனம் என்றால் இளக்காரம் என்று கனகலட்சுமிக்குத் தோன்றியது. வேறு யாரிடமாவது கொடுத்திருப்பாள். ஆனால் குவியலுக்குள் சிக்கிச் செத்த ஆடுமாடுகள் நாற ஆரம்பித்துவிட்டன, நோய் பரவும் என்று மேலிடத்திலிருந்து போன் மேல் போன். மனசில்லாமல்தான் அந்த நிபந்தனையைத் தளர்த்திக் கையெழுத்துப் போட்டாள்.

வேலை தொடங்கியதும் பாண்டித்துரை முதல் காரியமாகக் குவியலைச் சுற்றித் தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். தன் ஆட்களைத் தவிர ஒருவரையும் உள்ளே விடவில்லை. ஊரில் பேச்சு கிளம்பியது. உள்ளே எஞ்சின்களைக் கழற்றி லாரியில் ஏற்றுகிறார்களாம், அதற்குத்தான் இந்த மறைப்பாம். சூசைமுத்து போன் போட்டு, நீங்களே வந்து கையும் களவுமாகப் பிடியுங்கள் என்றார். கனகலட்சுமிக்கும் சந்தேகம் வந்துவிட்டது. உடனே ஜீப்பை எடுக்கச் சொன்னாள்.

தார்ப்பாய் வாசலில் பாண்டித்துரை நின்றுகொண்டிருந்தார். ஜீப்பிலிருந்து இறங்கிய கனகலட்சுமியோடு சூசைமுத்துவும் உள்ளே நுழையப் போக, அவர் நெஞ்சில் பாண்டித்துரை கை வைத்துத் தடுத்தார்.

"நீங்க வர வேணாம். மேடம் மட்டும் வரட்டும்."

"பார்த்தீகளா மேடம்? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார் சூசைமுத்து.

கனகலட்சுமி கோபத்தோடுதான் உள்ளே போனாள்.

எஞ்சின்கள் அங்கேதான் இருந்தன. சேறு கழுவி வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் படகு நம்பரைச் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். அவற்றைத் தாண்டி, உடைந்த படகுப் பலகை ஒன்றின் மேல், புது வேட்டியில் சுற்றிய ஓர் உடல் கிடந்தது. பக்கத்தில் வேலையாட்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.



"இப்பத்தான் மேடம் கெடைச்சது. போலீசுக்குச் சொல்லிட்டேன். சர்ச் ஃபாதருக்கும் சொல்லி விட்டிருக்கேன். அவரு வந்து பக்குவமா வீட்டுல சொல்லட்டும்" என்றார் பாண்டித்துரை, வெளியே கேட்காத குரலில்.

"ஜோஸ்வினா?"

"தெரியலை. வீட்டாளுக பார்த்தாத்தான் தெரியும். மத்த ரெண்டு பேரும் இதுக்குள்ளதான் இருப்பாகன்னு நெனைக்கிறேன்."

தார்ப்பாய்க்கு வெளியே சூசைமுத்துவின் குரல் கேட்டது. எஞ்சின் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இதை அன்னைக்கே ஆபீசுல சொல்லியிருக்கலாமே. உங்களை நான் என்னமோ நெனைச்சுட்டேன்."

"தம்பிகிட்டருந்து போன் வரும்னு சொல்லிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு மேடம். அவரை வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?"

பாண்டித்துரை வேட்டி நுனியை இழுத்து, வெளியே தெரிந்த பாதத்தை மூடினார்.

"போன புயல்ல உள்ளூர் ஆளுகளைத்தான் மேடம் வேலைக்கு எடுத்தேன். ஒரு கூரைத் தகரத்தை ரெண்டு பேராத் தூக்குனாக. அடியில கெடந்தது, அதுல ஒருத்தரோட மக."